கேட்டுக்கொண்டிருக்கும் மீன்

கரிமீனுக்குக் காது கூர்மை. கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே தோப்பும்படி, பெரும்படப்பு, கும்பளங்கி என்று காயலோரமாகவே போனால், சிறு வள்ளத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களைப் பார்க்கலாம். வாய் திறக்கமாட்டார்கள். என்னை அவ்வப்போது தன் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ளும் பெரியவர் கரையில் நின்றால் ஊர்க்கதை முழுவதும் சொல்வார். வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் பேச்சு நின்றுவிடும். துடுப்பை விளிம்பில் சாய்த்து வைக்கமாட்டார், மடியில் குறுக்கே கிடத்திக்கொள்வார். நீர் இறைக்கிற தகரக் குவளையைப் பழந்துணியில் சுற்றி வைத்திருப்பார். "சேட்டா, இங்கே ஆழம் எவ்வளவு?" என்று நான் கேட்டால் பதில் வராது. "மிண்டல்லே மோனே" (பேசாதே மகனே) என்று உதடு மட்டும் அசையும்.

அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா. ஏன் பேசக் கூடாது என்பதற்கான காரணம் மீனின் மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. அந்தக் காரணத்தை அறிந்த நாளிலிருந்து கரிமீனை வெறும் உணவாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

மீனுக்கு வெளியே தெரிகிற காது கிடையாது. தலைக்குள், மூளைக்கு இருபுறமும், சுண்ணாம்புச் சத்தால் ஆன சிறு கற்கள் இருக்கின்றன. மீனின் சதைக்கும் தண்ணீருக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் தண்ணீரில் வரும் ஒலி மீனின் உடலைத் தடையின்றிக் கடந்து போகிறது. கனமான காதுக்கல் மட்டும் உடலோடு சேர்ந்து அசையாமல் சற்றுப் பின்தங்குகிறது. அந்த நொடிப்பொழுது வேறுபாட்டில் கல்லை ஒட்டியுள்ள நுண்மயிர்கள் வளைகின்றன. அதுவே மீனுக்குக் கேட்டல். இந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையமாகப் படிவு ஏறும். கல்லை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மீன் பிறந்து எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். வாழ்ந்த நாட்கள் எல்லாம் காதுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இவ்வளவும் பெரும்பாலான மீன்களுக்குப் பொது. கரிமீனுக்கும் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கும் இதற்குமேல் ஒன்று அருளப்பட்டிருக்கிறது. மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. மீன் மூழ்காமலும் மேலே எழும்பிவிடாமலும் விரும்பிய ஆழத்தில் நிற்பதற்கு அது உதவுகிறது. கரிமீனுக்கு அந்தப் பையின் முன்முனையிலிருந்து இரண்டு கொம்புகள் வளர்ந்து, மண்டை ஓட்டின் பின்புறத்திலுள்ள இரண்டு குழிகளுக்குள் போய்க் காதை ஒட்டிப் பதிந்திருக்கின்றன. ஒலி பட்டதும் பைக்குள் இருக்கும் காற்று மத்தளத் தோல்போல அதிர்கிறது. அதிர்வு நேராகக் காதுக்குப் போய்ச் சேர்கிறது. இத்தகைய இணைப்பு இல்லாத மீன்கள் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளை மட்டுமே கேட்கின்றன. கரிமீனின் சிறிய உறவான பள்ளத்தியைச் சோதித்துப் பார்த்தபோது அது 3,000 ஹெர்ட்ஸ் வரை கேட்பது தெரிந்தது. மிதப்பதற்கென்று கொடுத்த பையையே கேட்பதற்கும் ஆக்கி வைத்த கைத்திறனை என்னென்பது! வள்ளத்துப் பலகையில் துடுப்பு இடித்தால் அந்த ஓசை காயலுக்குள் எங்கே போய் முட்டும் என்று இப்போது புரிகிறது. பெரியவரின் அப்பா மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்தவரில்லை. ஆனாலும் தண்ணீருக்கு மேலே இருந்துகொண்டே அதற்குள் இருப்பதை அறிந்திருந்தார்.

இந்தக் காதின் கதை கொச்சியோடு முடியவில்லை. சிக்லிட் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது கரிமீன். ஆப்பிரிக்காவின் ஏரிகளில் அந்தக் குடும்பத்து மீன்கள் நூற்றுக்கணக்கான வகைகளாகப் பெருகிக் கிடக்கின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துப் பூர்வீக இனங்கள் மூன்றுதான்: கரிமீன், பள்ளத்தி, கர்நாடகத்தின் கடலோர ஆறுகளில் வாழும் இன்னொன்று. இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவில் இல்லை, மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. அந்தத் தீவின் பாரெட்ரோப்ளஸ் மீன்களை அறுத்துப் பார்த்தாலும் காற்றுப்பையின் அதே இரண்டு கொம்புகள், மண்டை ஓட்டில் அதே இரண்டு குழிகள். நடுவில் கிடப்பது இந்தியப் பெருங்கடல்.

இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. நிலம் பிளந்தபோது இந்த மீன்களின் முன்னோர் இரு பக்கமும் பங்காகிப் போயின என்பது அறிஞர்களில் ஒரு சாராரின் கருத்து. சிக்லிட் குடும்பத்துக்கே அவ்வளவு வயதில்லை, இவை பிற்காலத்தில் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று மறுசாரார் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. முதல் தரப்பு சரியென்றால், கண்டமே ஒரு தோணியாகி இந்த மீனைச் சுமந்து வந்திருக்கிறது. இரண்டாம் தரப்பு சரியென்றால், கையளவு மீன் ஒன்று உப்புக்கடலை வென்று வந்திருக்கிறது. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் நான் கைகூப்பத்தான் போகிறேன்.

அறிவியல் உலகுக்கு இந்த மீனை அறிமுகப்படுத்தியவர் பெர்லினில் வாழ்ந்த யூத மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக். நம் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அவருக்கு இந்திய மீன்கள் பலவற்றை அனுப்பிக்கொண்டிருந்தார். 1790-இல் பிளாக் கரிமீனை விவரித்தபோது அதைப் பவளப்பாறைகளின் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். தட்டையான உடலையும் குறுக்குப் பட்டைகளையும் பார்த்தவர் வேறு எப்படி நினைப்பார்? பக்கவாட்டில் அமுங்கிய வட்ட உடல். சாம்பல் பச்சை நிறத்தின் மேல் எட்டுக் கரும்பட்டைகள். செதிலுக்குச் செதில் முத்துப் பதித்தாற்போல வெண்புள்ளி. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்துக்குப் பின்னால், மசாலாக் கிடங்குகளைத் தாண்டினால், பிளாக் கண்ணாடிக் குடுவையில் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய அந்த மீன் உயிரோடு பாசி மேய்ந்துகொண்டிருக்கிறது.

அது மேயும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேம்பநாட்டுக் காயல் ஏறக்குறைய 96 கிலோமீட்டர் நீளம். இந்தியாவின் ஏரிகளில் மிக நீளமானது. பெரியாறு, மூவாற்றுப்புழை, மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் ஆகிய ஆறு ஆறுகளின் நீர் இந்தக் காயலமைப்பில் வந்து சேர்கிறது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையை மண்மூட வைத்துக் கொச்சியில் கடலுக்கு வாய் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த வாய் வழியாகக் கடல் நாள்தோறும் உள்ளே வந்து போகிறது. கோடையில் மட்டாஞ்சேரிக் கழி உப்புக் கரிக்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஆறுகள் பெருகி வந்து கடலை வெளியே தள்ளிவிடும்; அதே இடத்தில் நல்ல தண்ணீர் ஓடும்.

இப்படி மாறுகிற தண்ணீரில் உடலைக் காப்பது எளிதான காரியமில்லை. நன்னீரில் மீனின் உடலுக்குள் தண்ணீர் தானாகப் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அப்போது கரிமீனின் சிறுநீரகம் மிகுந்த நீரை வெளியேற்றுகிறது. செவுள் தண்ணீரில் இருக்கும் அற்ப உப்பையும் பொறுக்கி உள்ளே இழுக்கிறது. கடல் ஏறிவிட்டால் எல்லாம் தலைகீழ். இப்போது உடலிலிருந்து நீர் உறிஞ்சப்படும். மீன் தண்ணீரைக் குடிக்கத் தொடங்குகிறது. உப்பை உள்ளே இழுத்த அதே செவுள் இப்போது உப்பை வெளியே தள்ளுகிறது. பெரும்பாலான மீன்களுக்கு இவற்றில் ஒன்றுதான் விதிக்கப்பட்டிருக்கிறது. நன்னீர் மீன் கடலில் சாகும், கடல்மீன் ஆற்றில் சாகும். கரிமீன் இரண்டு வாழ்க்கையையும் ஒரே உடலில் வாழ்கிறது. ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான குடிமகனை யார் படைத்துத் தர முடியும்? 2010-இல் கேரள அரசு கரிமீனை மாநில மீனாக அறிவித்தது. காயல் அதை எப்போதோ அறிவித்துவிட்டது.

இந்த மீனைத் தேடிப் போக உகந்த ஊர்தி சிறு வள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் ஒற்றை ஆள் வள்ளத்தைக் கொச்சிக்காரர்கள் கொதும்பு வள்ளம் என்கிறார்கள். ஓர் அடி ஆழமே இருந்தாலும் ஓடும். கும்பளங்கியிலும் கடமக்குடியிலும் இப்போது வண்ண வண்ண பிளாஸ்டிக் கயாக்குகள் வந்துவிட்டன. விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகள் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். இன்ஜின் இல்லாமல், புகை இல்லாமல், தண்ணீரின் மட்டத்திலேயே உட்கார்ந்து போகிறவனுக்குக் காயல் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அலையாத்தி வேர்களுக்கு இடையில், சீனவலைக் கால்களின் நிழலில், செங்கல் மதில் இடிந்து விழுந்த கரையோரத்தில், பாசி படிந்த கல்லைக் கரிமீன் பக்கம் சாய்ந்து கொறிக்கும்போது உடல் ஒரு கணம் மின்னும். செதிலுக்கு அடியில் குவானின் என்ற பொருளின் நுண்பளிங்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை ஒளியைத் திருப்பி அனுப்பும் மினுக்கு அது. மோட்டார் படகில் போகிறவர் இதைக் காணவே முடியாது.

தூண்டில் வேலை நுட்பமானது. கரிமீனின் வாய் சிறியது, பெரிய முள் உதவாது. தங்கூசியும் மெல்லியதாக இருக்க வேண்டும். மண்புழு கோப்பார்கள், பிசைந்த மைதாவை மிளகளவு உருட்டி வைப்பார்கள், பெரியவர் சில நாட்களில் கரைக்கல்லில் வளர்ந்த இழைப்பாசியையே முள்ளில் சுற்றிவிடுவார். மீன் அன்றாடம் தின்பது அதைத்தானே. தக்கை சட்டென்று முங்காது. லேசாக நடுங்கும், பிறகு பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வில் கையைச் சுண்ட வேண்டும். மாட்டிய மீன் தன் தட்டை உடலைக் குறுக்கே திருப்பிக்கொண்டு தண்ணீர் முழுவதையும் துணைக்கு அழைக்கும். கால் கிலோ மீன் இரண்டு கிலோவாகக் கனக்கும். கையில் எடுக்கும்போது கவனம் வேண்டும். முதுகில் பதினெட்டுக்குக் குறையாத முட்கள், அடியில் பன்னிரண்டுக்குக் குறையாத முட்கள்.

அந்தச் சின்ன வாய்க்குப் பின்னால், தொண்டைக்குள், இன்னொரு தாடை இருக்கிறது. சிக்லிட் மீன்களுக்குத் தொண்டையின் கீழ் எலும்புகள் ஒன்றாக இணைந்து பல் பதித்த ஒரே முக்கோணமாகியிருக்கின்றன. அரைக்கும் வேலையைத் தொண்டை ஏற்றுக்கொண்டதால், முன்வாய்க்கு எடுக்கவும் கொறிக்கவும் சுரண்டவும் முழுச் சுதந்திரம் கிடைத்தது. இந்தக் குடும்பம் இத்தனை வகையாகப் பெருகியதற்கு இந்த இரண்டாம் தாடையே திறவுகோல் என்று கரேல் லீம் என்ற உயிரியலாளர் 1973-இல் எழுதினார். கரிமீனுக்கு அந்த முன்வாய் வேறொரு வேலைக்கும் தேவைப்படுகிறது. பிள்ளைகளைத் தூக்குவதற்கு.

இந்த மீனின் பெரிய அதிசயமாக நான் நினைப்பது இதைத்தான். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்ததும் கரையோர ஆழமில்லாத நீரில் இடம் தேடுகின்றன. ஒரு கல், மூழ்கிய மரத்துண்டு, அலையாத்தி வேர், ஊறிக்கிடக்கும் தென்னை மட்டை, எது கிடைத்தாலும் சரி. இரண்டும் சேர்ந்து வாயால் கொத்திக் கொத்தி அந்தப் பரப்பைச் சுத்தம் செய்கின்றன. பாசியும் சேறும் போகும்வரை விடுவதில்லை. பிறகு பெண் முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்டுகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் நூல்போன்ற சிறு காம்பு உண்டு. அதனால்தான் ஓதம் ஏறினாலும் வற்றினாலும் முட்டை அடித்துச் செல்லப்படாது. மற்ற மீன்கள் பல லட்சக்கணக்கில் முட்டையிட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். கரிமீன் இடுவது சில நூறு முதல் ஓராயிரம், இரண்டாயிரம். எண்ணிக்கையில் குறைத்துக் காவலில் கூட்டியிருக்கிறது படைப்பு.

தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைகளுக்குமேல் நின்று செவுளோரத் துடுப்பால் விசிறுகின்றன. விசிறாவிட்டால் முட்டைக்கு மூச்சு முட்டும். கெட்டு வெளுத்த முட்டையைக் கண்டால் பூஞ்சை பரவுமுன் வாயால் பிடுங்கி எறிகின்றன. ஒன்று காவல் நிற்கும்போது மற்றது பக்கத்துச் சேற்றில் குழி தோண்டி வைக்கிறது. ஏறக்குறைய நான்கு நாளில் முட்டை பொரிக்கும். நீந்தத் தெரியாமல் நெளியும் குஞ்சுகளைப் பெற்றோர் வாயில் அள்ளிக் குழியில் கொண்டுபோய் விடுகின்றன. ஒரு குழி பத்திரமில்லை என்று பட்டால் இன்னொரு குழிக்கு மாற்றுகின்றன. குஞ்சுகளுக்கு நீச்சல் வந்தபிறகும் பிரிவதில்லை. சிறு மேகம்போல் திரளும் அந்தக் கூட்டத்தை இரண்டு பக்கமும் காத்துக்கொண்டு வாரக்கணக்கில் கூடவே போகின்றன. மேட்டுத் தண்ணீர் தெளிந்திருக்கும் காலையில், வள்ளத்தை அசையாமல் நிறுத்தினால், இதைக் கண்ணால் பார்க்கலாம். பெரியவர் அந்த இடங்களில் தூண்டிலைத் தண்ணீரில் இறக்கமாட்டார். கேட்டதற்குக் கரையில் வந்து சொன்னார்: "பிள்ளை வளர்க்கிற வீடல்லவா மோனே."

பள்ளத்தியை இங்கே மறுபடியும் சொல்லியாக வேண்டும். விரலளவுதான் இருக்கும், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். இந்தச் சின்ன மீன் பெரிய கரிமீனின் உடலில் தொற்றியிருப்பவற்றைக் கொத்தித் துப்புரவு செய்வதையும், கரிமீன் அசையாமல் நின்று இடம் கொடுப்பதையும் வைமன், வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-இல் பதிவு செய்தார்கள். அதே பள்ளத்தி, சமயம் வாய்த்தால், கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. பணிவிடையும் திருட்டும் ஒரே அயலாரிடமிருந்து! கரிமீன் ஜோடி எந்த நேரத்தில் இடம் கொடுப்பது, எந்த நேரத்தில் விரட்டுவது என்று அறிந்திருக்கிறது. பள்ளத்தியும் நல்ல பெற்றோரே. அதன் குஞ்சுகள் தாய் தந்தையின் தோலில் ஊறும் வழவழப்பை உரசி உரசித் தின்று வளர்கின்றன. பாலூட்டிகளுக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணுகிற ஒன்றின் சாயல் மீனிடம் இருக்கிறது.

அமெரிக்க ஏரிகளில் கரிமீனை நினைவூட்டும் ப்ளூகில் என்றொரு மீன் உண்டு. கயாக்கில் போய்ச் சிறு முள்ளும் மண்புழுவுமாக அதைப் பிடிப்பது அங்கே சிறுவர் முதல் முதியவர் வரை எல்லாருக்கும் விருப்பம். அது சிக்லிட் இல்லை, வேறு குடும்பம். ஆனாலும் அதே தட்டை வட்ட உடல், அதே சின்ன வாய், முள்ளில் மாட்டினால் அதே குறுக்குத் திருப்பம். அதுவும் கரையோரத்தில் கூடு அமைத்துக் காக்கிறது. ஆண் வாலால் மணலை விசிறிக் குழி செய்யும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். தந்தை மட்டும் தனியாக நின்று காக்கும். இரண்டு கண்டங்களில், இரண்டு குலங்களில், ஒரே கடமை. ப்ளூகில் மீனை 1960-இல் ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோ அமெரிக்கப் பயணத்திலிருந்து பரிசாகக் கொண்டு வந்தார். அது பீவா ஏரியில் பெருகி அந்நாட்டு மீன்களை நெருக்கியது. மீன்களை ஆராய்வதில் புலமை பெற்ற அவர், பேரரசராக இருந்தபோது, 2007-இல் அதற்காகப் பொதுமேடையில் மனம் வருந்தினார். தன் ஏரியில் அற்புதமாக இருக்கும் உயிர் இன்னொருவர் ஏரியில் கேடாகிறது. நமக்கும் அந்தப் பாடம் உண்டு: 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா இன்று கரிமீனின் இடத்திலும் தீனியிலும் பங்குக்கு நிற்கிறது.

கரிமீனின் அச்சத்தையே கருவியாக்கிய ஒரு பிடிமுறை வேம்பநாட்டில் உண்டு. வெள்ளவலி என்பார்கள். நீண்ட கயிற்றில் வெளுத்த தென்னங்குருத்தோலைகளை இடைவெளி விட்டுக் கட்டி, இரு முனையையும் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து வருவார்கள். வெள்ளையாக எதுவோ அசைந்து வருவதைக் கண்ட கரிமீன் ஓடாது. அடிச்சேற்றில் தலையைப் புதைத்துக்கொள்ளும். ஆட்கள் மூழ்கி, சேற்றைத் தடவி, வெறுங்கையால் எடுத்து வருவார்கள். முட்களுக்கு நடுவே விரல் போகும் வழியை அந்தக் கைகள் அறியும். இந்தத் திறமையுள்ள மனிதர்களையும் அந்த மீனுக்குச் சமமாகவே நான் வியக்கிறேன்.

கோடை இரவில் கும்பளங்கிப் பக்கம் வள்ளம் விட்டால் துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாக எரியும். ஊரார் அதைக் கவரு என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் தண்ணீர் கலங்கும்போது உமிழும் ஒளி அது; உப்பு ஏறிய மாதங்களில் மட்டும் தோன்றும். 2019-இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்துக்குப் பிறகு அதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. நான் கவனித்துப் பார்ப்பது வேறொன்றை. நமக்குக் கண்ணுக்கு எட்டாத மீன்கள் விலகி ஓடும் தடமும் அந்த நீலத்தில் கோடு கோடாகத் தெரியும். துடுப்பு ஒருமுறை பலகையில் இடித்தால் எத்தனை கோடுகள் ஓடுகின்றன என்று அப்போது எண்ணிப் பார்க்கலாம். காது உள்ள காயல் அது.

இந்தக் காயலுக்கு நாம் செய்திருப்பதை எல்லாம் இங்கே அடுக்க எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். குட்டநாட்டு நெல்வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணை 1976-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் அடைத்துக் கோடையில் திறக்கிறார்கள். நெல்லுக்கு அது காவல். ஆனால் உப்பும் நன்னீரும் தடையின்றிக் கலந்த நீளமான காயல் அங்கே இரண்டாக வெட்டுப்பட்டது, மீனும் இறாலும் போய்வந்த வழி அடைபட்டது. 2002-இல் வேம்பநாடு ராம்சார் ஈரநிலமாகப் பன்னாட்டு மதிப்புப் பெற்றது. பட்டம் கிடைத்த காயலுக்குள்தான் இன்றும் பிளாஸ்டிக் பைகள் அலையாத்தி வேர்களில் சுற்றிக் கிடக்கின்றன. கரிமீன் முட்டை ஒட்டத் தேடும் வேர்கள் அவை.

நம்பிக்கை தரும் வேலையும் நடக்கிறது. 1971-இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், காயலோரக் குடும்பங்கள் கூண்டுகளில் கரிமீன் வளர்ப்பதற்கு வழிகாட்டுகிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் முட்டுக்காட்டில் கரிமீன் குஞ்சு உற்பத்தியைக் கற்றுத் தருகிறது. இது கொச்சிக்கு மட்டும் உரிய மீன் என்று தமிழ் வாசகர்கள் எண்ண வேண்டாம். பழவேற்காட்டு ஏரியிலும் இலங்கையின் களப்புகளிலும் இதே ஜோடிகள் இதே காவல் காக்கின்றன.

கொச்சிக்கு வருகிற தமிழர்கள் சீனவலையைப் பார்த்துவிட்டு, மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, வாழையிலையில் சுட்ட கரிமீன் பொள்ளிச்சதைத் தேடிப் போகிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், அந்த மீனை நம்பி வாழும் வீடுகள் இங்கே ஏராளம். உள்ளங்கையைவிடச் சிறிய மீனைத் தட்டில் வைத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது இன்னும் ஒருமுறைகூடக் கூடு கட்டியிராது. வள்ளத்திலோ கயாக்கிலோ காயலுக்குள் போகிறவர்கள் பாட்டுப்பெட்டியைக் கரையில் விட்டுவிட்டுப் போங்கள். கையில் தூண்டில் இருந்தால், கரையோரத்தில் குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் ஜோடியைக் கண்டவுடன் அதைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள். ஜோடியில் ஒன்றைத் தூக்கிவிட்டால், மற்றது தனியாக நின்று அவ்வளவு குஞ்சுகளையும் காப்பாற்ற முடியாது.